கடையும் பாதையும்: அஷெத் பதிப்பகம் கைமாறிய வரலாறு (1826–2024)

ஸ்தேன் பக்கமிருந்து ஆர்.ஈ.ஆர் 'டி' ரயிலில் வந்து, கார் து நோரில் இறங்கிப் பரிஸ் லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிற நம்மவர், வழியில் 'ரெலே' கடையைக் கண்டிருப்பார். அவர் வீட்டில் பிள்ளை படிக்கும் மேசையில் எழுத்துப் பிழைக்கு 'பிளெட்', வினைச்சொல் திரிபுக்கு 'பெஷ்ரெல்', சொல்லுக்கு 'லாரூஸ்' கிடக்கும். பெஷ்ரெல்லின் அட்டையில் 'அத்தியே' என்றிருக்கும். லாரூஸ் தன் பெயரிலேயே வரும். ஆனால் மூன்றும் அஷெத் குழுமத்தின் சரக்கு. ரெலேயும் அந்தக் குடும்பத்துக் கடைதான். இத்தனையும் ஒரே கூரையின்கீழ் எப்படி வந்தன, அந்தக் கூரை யார் யார் கைக்குப் போனது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

லூயி அஷெத் ஆசிரியராக வரவேண்டியவர். அவர் படித்த எக்கோல் நோர்மால் கல்லூரியை 1822இல் அரசு மூடிவிட்டது. 1826இல் பரிஸ் இலத்தீன் வட்டாரத்தில் பிரெதிஃப் என்ற சிறு புத்தகக் கடையை வாங்கினார். வகுப்பில் கற்பிக்க விடாவிட்டால் கடை வழியே கற்பிப்பேன் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. 1833இல் கீசோ சட்டம் ஊர்தோறும் ஆரம்பப் பள்ளி வேண்டும் என்றபோது, பாடநூல் அவரிடம் தயாராக இருந்தது.

ஆனால் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு ரயில் நிலையத்தில் நடந்தது. இலண்டனில் ஸ்மித் நிறுவனத்தின் ரயில் நிலையப் புத்தகக் கடைகளைப் பார்த்தவர், 1852 முதல் பிரெஞ்சு ரயில் கம்பனிகளுடன் ஒப்பந்தம் போட்டார். அவசரத்தில் ஓடுகிற பயணி நின்று தலைப்பை வாசிக்கமாட்டான். ஆகவே வகைக்கொரு அட்டை நிறம்: வழிகாட்டி நூலுக்குச் சிவப்பு, பிள்ளைகள் நூலுக்கு இளஞ்சிவப்பு. இன்றைய ரெலே அந்தக் கடைகளின் வாரிசு. (எழுத்தாளர் எமில் சோலா 1862இல் அஷெத்தில் பொதி கட்டும் பிரிவில் சேர்ந்து விளம்பரப் பிரிவுத் தலைவரானவர். நூல் எப்படி விற்கிறது என்று அங்கே கற்றிருக்க வேண்டும்.)

1864இல் லூயி இறந்தபின் மகன்களும் மருமகன்களும் நடத்தினார்கள். 1919இல் அது பங்கு நிறுவனமாயிற்று. கிராசே, ஃபயார், ஸ்தோக் என்று மற்றப் பதிப்பகங்களை வாங்கத் தொடங்கியது 1950களில். அதன் விநியோகப் பிடியைப் பார்த்துப் போட்டியாளர்கள் வைத்த பட்டப்பெயர் 'பச்சை ஆக்டோபஸ்'.

1980 இறுதியில் ஜோன் லுக் லகார்தேரின் மாத்ரா அஷெத்தைக் கைப்பற்றியது. ஏவுகணை செய்கிற கம்பனிக்குப் பள்ளிப் புத்தகம் எதற்கு? எழுத்தின் மீதான காதல் என்று நான் நம்பவில்லை. பத்திரிகைகளும், அவற்றையும் நூலையும் நாடெங்கும் கொண்டுசேர்க்கும் வலையும்தான் ஈர்ப்பு. பின்னர் 'லா சேங்க்' தொலைக்காட்சியில் அஷெத் கையைச் சுட்டுக்கொண்டது. 1992இல் மாத்ராவுடன் இணைத்துத்தான் காப்பாற்றினார்கள். 1996இல் பெஷ்ரெல்லை வெளியிடும் அத்தியே சேர்ந்தது.

அடுத்த திருப்பம் இன்னொருவர் வீழ்ச்சியால் வந்தது. 2002இல் கடனில் மூழ்கிய ஊடகக் குழுமமான விவாந்தி தன் பதிப்புப் பிரிவை விற்றது. வாங்கிய லகார்தேர் குழுமத்திடம் எல்லாம் போனால் போட்டியே இராது என்று ஐரோப்பிய ஆணையம் தடுத்து, 2004இல் ஏறக்குறைய 40 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொள்ள விட்டது. லாரூஸ் அப்படி வந்ததுதான். மிச்சம் 'எதித்திஸ்' என்ற பெயரில் வாந்தெல் முதலீட்டு நிறுவனம், ஸ்பெயினின் பிளானெத்தா பதிப்பகம் என்று கைமாறி, 2019இல் விற்ற விவாந்தியிடமே திரும்பியது!

விவாந்தியை அப்போது தன் பிடியில் வைத்திருந்தவர் தொழிலதிபர் வின்சென் பொல்லோரே. அவர் கண் லகார்தேர் குழுமத்திலும் விழுந்தது. லகார்தேர் குடும்பம் சிறு பங்கை வைத்துக்கொண்டே கம்பனியை ஆள வழிசெய்த சட்ட அமைப்பு 2021இல் கலைக்கப்பட்டது. 2023 நவம்பரில் விவாந்தி உள்ளே வந்தது. இரண்டு பெரும் பதிப்பகங்களும் ஒருவரிடம் இருக்கக்கூடாது என்பதால் எதித்திஸ் செக் நாட்டுச் செல்வந்தர் தானியேல் கிரெத்தின்ஸ்கியிடம் போனது. இம்முறை வந்தவர் விநியோகத்தோடு நிற்கவில்லை என்பது என் கணிப்பு. ஃபயாரில் தலைமை மாறியது; 2024இல் தீவிர வலதுசாரித் தலைவர் ஜோர்தான் பார்தெல்லாவின் நூல் அங்கே வெளியானது.

2024 டிசம்பரில் விவாந்தி பிரிக்கப்பட்டபோது, லகார்தேரின் பெரும்பான்மைப் பங்கை ஏற்ற புதிய கம்பனிக்கு 'லூயி அஷெத் குழுமம்' என்று பெயர் வைத்துப் பரிஸ் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள். பெஷ்ரெல்லின் அட்டையில் இன்னும் அத்தியே என்றே இருக்கிறது.