கூட்டாக எழுதிக் கற்றல்: வகுப்பறையில் விக்கி

கல்விக்குக் கணினி அவசியம் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆயினும் அக்கணினியைக் கொண்டு மாணவர் எதைச் செய்ய வேண்டும் என்பது பற்றி நாம் போதியளவு சிந்திக்கவில்லை. 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடக்குறிப்புகள் வட்ஸ்அப் வாயிலாகக் கையடக்கத் தொலைபேசிகளை வந்தடைந்தன. கரும்பலகையின் இடத்தைத் திரை பிடித்தது. பார்த்து எழுதும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இதற்கு மாற்றான வழிகளுள் ஒன்று விக்கி. வாசிப்பவரே எழுதவும் திருத்தவும் கூடிய இணையப் பக்கங்களின் தொகுதியே விக்கி எனப்படுகின்றது. ஹவாய் மொழியில் இச்சொல் விரைவைக் குறிக்கும். அமெரிக்கக் கணினி நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் 1995 இல் முதலாவது விக்கியை உருவாக்கினார். 2001 இல் விக்கிப்பீடியாவும் 2003 இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றின. தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தெடுத்தோருள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். அதில் இன்று ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன.

வகுப்பறைக்கு விக்கி பொருந்துவதற்குக் காரணம் அதன் அமைப்பே. ஒவ்வொரு திருத்தமும், செய்தவரின் பயனர் பெயருடனும் நேரத்துடனும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகின்றது. எனவே குழுவேலையில் ஒருவர் உழைக்க ஏனையோர் புள்ளி பெறும் குறையை ஆசிரியர் கண்டுகொள்ளலாம். தவறு நேர்ந்தால் முந்தைய வடிவத்தை மீட்கலாம். கருத்து முரண்பாடுகளைப் பேசித் தீர்ப்பதற்கு உரையாடல் பக்கம் உண்டு. பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் மூடில் மென்பொருளிலும் விக்கி வசதி இருக்கின்றது.

நமது சூழலில் இதன் பயன் இன்னும் ஆழமானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். யாழ்ப்பாணத்து மாணவரும் புத்தளத்தில் வளரும் மாணவரும் ஒரே ஊரின் சந்தையையும் கோயிலையும் பள்ளிவாசலையும் பற்றி ஒரே பக்கத்தில் எழுதுவதாகக் கொள்வோம். இருவரின் வீட்டிலும் கேட்ட கதைகள் ஒன்றாயிரா. இரு தரப்பும் ஏற்கக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுத, ஒருவர் மற்றவரின் கதையைக் கேட்டேயாக வேண்டும். எந்தப் பாடநூலும் இதனைக் கற்பிக்க இயலாது.

சில எச்சரிக்கைகளும் தேவை. விக்கிப்பீடியா வெளியான ஆதாரங்களையே ஏற்கும். முதியோரின் வாய்மொழி நினைவுகளுக்கு, வகுப்புக்கென அமைந்த மூடிய விக்கியே உகந்தது. சிறுவரின் முழுப்பெயரும் முகவரியும் அதில் இடம்பெறலாகாது. கணினியோ இணைப்போ இல்லாத பாடசாலைகள் இம்முயற்சியில் கைவிடப்படவும் கூடாது.

கருவிகளை வழங்குவதோடு கல்வி அதிகாரிகளின் கடமை நிறைவுறாது. கூட்டாக எழுதியதற்கும் புள்ளி உண்டு என்ற நிலை ஏற்படாதவரை, பரீட்சையை எதிர்நோக்கும் மாணவரும் ஆசிரியரும் இதனை நாடப்போவதில்லை. மாற்றம் மதிப்பீட்டு முறையிலிருந்தே தொடங்க வேண்டும்.