பிக்காச்சுவின் பெயரும் உடலும்: ஒரு மூல ஆய்வு

கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கி, 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் விளையாட்டில் 25ஆம் எண் பெற்ற உயிரி பிக்காச்சு. மஞ்சள் உடல், நுனி கறுத்த காதுகள், மின்னல் வடிவ வால், மின்சாரம் தேங்கும் சிவந்த கன்னங்கள் ஆகியன அதன் அடையாளங்கள். ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் மலைப்பாறைகளிடையே வாழும் சிறு விலங்கொன்றை ஆங்கிலத்தில் பைக்கா என்பர். பிக்காச்சுவின் பெயரும் உருவமும் அதிலிருந்தே வந்தன என்ற கருத்து ஜப்பானுக்கு வெளியே பரவலாக உள்ளது. ஒலி ஒக்கிறது, உருவமும் ஓரளவு ஒக்கிறது. ஆயினும் இக்கருத்து ஏற்கத்தக்கதன்று.

முதல் தடை எளியது. ஜப்பானியர் அவ்விலங்கை அப்பெயரால் அழைப்பதில்லை. ஹொக்கைடோ மலைகளில் காணப்படும் அதற்கு அவர்களிடம் வழங்கும் பெயர் 'நாக்கிஉசாகி', அதாவது கத்தும் முயல். விலங்கியலும் அதை முயல் வரிசையில்தான் வைக்கிறது, எலி வரிசையில் அன்று.

பெயரின் உறுப்புகள் இரண்டும் ஜப்பானியப் பேச்சிலேயே உள்ளன. 'பிக்கா பிக்கா' ஒளிர்தலைக் குறிக்கும். 'சூ சூ' எலியின் கீச்சொலி. முன்னதை நம் 'பளபள'வோடு ஒப்பிடலாம். ஆனால் நம் இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது. ஜப்பானியத்தில் 'பிக்கா' தனித்தும் நிற்கும். அணுகுண்டைக் கண்ணால் கண்ட ஹிரோஷிமா மக்கள் அதைப் 'பிக்காதோன்' என்றனர்: முதலில் ஒளி, பிறகு முழக்கம். சிறுவர் விளையாட்டோடு இதற்குத் தொடர்பில்லை. எனினும் அந்த அசையைக் கேட்கும் ஜப்பானியர் மனத்தில் முதலில் எழுவது எது என்பதற்கு இதைவிட வலிய சான்று வேண்டியதில்லை.

படைத்தவர்கள் ஆங்கிலச் சொல்லையும் அறிந்திருக்கலாமே என்று வாதிடலாம். அறிந்திருந்தாலும் அது ராய்ச்சுவை விளக்காது. பிக்காச்சுவின் அடுத்த நிலையான ராய்ச்சுவின் பெயரில் 'ராய்' என்பது இடிமின்னலுக்குரிய சொல். விளையாட்டு வெளிவருமுன் கைவிடப்பட்ட மூன்றாம் நிலைக்கு வைத்திருந்த பெயர் கோரோச்சு. 'கோரோ கோரோ' என்பது இடி உருளும் ஓசை. மூன்று பெயர்களிலும் 'சூ' நிலைத்து நிற்க, முன்னுறுப்பு மட்டும் ஒளியிலிருந்து இடிக்கு நகர்கிறது. ஒரு பெயரைத் தனியே பிரித்தெடுத்து மூலம் தேடியவர்கள் கோட்டைவிட்டது இந்த வரிசையைத்தான்.

உடலின் கதை வேறு. இதை வடிவமைத்த அட்சுகோ நிஷிதா, 2018இல் யோமியூரி நாளிதழுக்கு அளித்த நேர்காணலில் தம் தொடக்கக் கற்பனையைச் சொல்லியிருக்கிறார். அது காது முளைத்த 'தாய்ஃபுகு'. பயற்றுப் பூரணம் வைத்த ஜப்பானிய அரிசிமாவு உருண்டை. கன்னத்தில் மின்சாரம் சேரும் எண்ணம், தீனியைக் கன்னத்தில் ஒதுக்கிவைக்கும் அணிலிடமிருந்து வந்தது. அவர் சொல்லாமல் விட்டிருந்தாலும் உருவமே இதற்குச் சாட்சி: வீட்டெலிக்குக் கன்னப்பை கிடையாது. ஆகவே பெயரில் எலியும் முகத்தில் அணிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே விலங்கை மூலமாகத் தேடியதே பைக்கா கருத்துக்கு இடம் கொடுத்தது.

இனித் தொகுக்கப்படும் பெயர்க் களஞ்சியங்கள் பைக்காவை மூலங்களின் பட்டியலிலிருந்து நீக்கி, தற்செயல் ஒலியொப்புமை என்ற அளவில் மட்டும் குறிப்பதே முறை.