ஒரு சட்டகமும் பல குழல்களும்

வேட்டைத் துப்பாக்கியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விரைந்து சுடும் கருவிகளையே போற்றுவர். ஒரு முறைக்கு ஒரு தோட்டாவை மட்டும் ஏற்கும் துப்பாக்கிக்கு அவ்வரலாற்றில் பழம்பொருள் என்னும் இடமே கிட்டுகிறது. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டு வேட்டைக்காரருள் ஒரு சாரார் அதனையே விரும்பித் தேர்ந்து வந்துள்ளனர். அவருள்ளும், ஒரே சட்டகத்தில் குழலை மட்டும் மாற்றிப் பொருத்தும் வகையை நாடியோர் ஒரு தனிக் கூட்டத்தார். அவர்களுடைய கருவியை முன்னிட்டு, பிரித்து வைத்த உறுப்புகள் எப்போது ஒரு துப்பாக்கி ஆகின்றன என்னும் வினா 1992இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இவ்வகையின் முன்னோடிகளுள் ஒருவர் பல் மருத்துவர் என்பது வியப்பளிக்கும். எட்வர்ட் மேனார்ட் (1813–1891) வெஸ்ட் பாயிண்ட் இராணுவப் பள்ளியில் சேர்ந்து, உடல்நலக் குறைவால் விலகி, வாஷிங்டன் நகரில் பல் மருத்துவம் செய்தவர். 1845இல் வெடிபொட்டுகள் பொதிந்த தாள் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். நம் சிறுவர் தீபாவளிக்கு வெடிக்கும் சுருள் பொட்டுவெடியை எண்ணிக்கொண்டால் போதும். ஈரம் பட்டால் இரண்டின் கதியும் ஒன்றே. 1851இல் பின்புறமாகத் தோட்டா இடும் துப்பாக்கிக்கும் காப்புரிமை பெற்றார். விசையைச் சூழ்ந்த வளையத்தைக் கீழே தள்ளினால் குழலின் பின்முனை மேலெழும். பித்தளைத் தோட்டாவின் அகன்ற அடித்தட்டில் ஒரு நுண்துளை உண்டு. வெளியில் வெடிக்கும் பொட்டின் பொறி அதன் வழியே புகுந்து மருந்தைப் பற்றவைக்கும். சுட்டபின் கூட்டை மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். 1861–65 உள்நாட்டுப் போரில் இரு தரப்பாரும் இதனை ஏந்தினர். வடவர் அரசு வாங்கியவை மட்டும் சுமார் 20,000. போருக்குப் பின், சிக்கோபி ஃபால்ஸ் ஊரின் மாசசூசெட்ஸ் ஆர்ம்ஸ் கம்பெனி இதனை வேட்டைக்குரிய வடிவில் விற்றது. ரவைக்குழல் உட்படப் பல அளவுக் குழல்களை ஒரே சட்டகத்துக்கு வாங்க முடிந்தது.

குழல் என்றதும் தமிழர்க்குக் கண்ணன் கை இசைக்கருவியும் மகளிர் கூந்தலும் நினைவில் எழும். இங்கே நாம் காண்பது, தோட்டாவின் அளவையும் குறியின் செம்மையையும் தன்னுள் கொண்ட இரும்புக் குழல். அணிலுக்கு ஒரு குழல், மானுக்கு ஒரு குழல், பறவைக்கு ஒரு குழல் என வேட்டைக்காரன் கணக்கிடுகிறான். ஆனால் அவன் உண்மையில் தேர்வது சட்டகத்தையே. எவ்வளவு அழுத்தத்தைச் சட்டகம் தாங்குமோ அவ்வளவே எக்குழலும் செய்ய இயலும்.

இதற்குத் தக்க சான்று 'கண்டெண்டர்'. வாரன் சென்டர் என்னும் வடிவமைப்பாளர், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ராச்செஸ்டர் நகரின் தாம்சன் கருவித் தொழிலகத்துடன் இணைந்தார். அக்கூட்டுறவில் 1967இல் இது வெளிவந்தது. முதலில் வேட்டைக்கான கைத்துப்பாக்கியாகவே விற்கப்பட்டது. முன்கட்டையைக் கழற்றி, கீல் ஊசியைத் தட்டி எடுத்தால் குழல் தனியே வந்துவிடும். விளிம்பில் அடிபடும் சிறு தோட்டா, நடுவில் அடிபடும் பெருந்தோட்டா ஆகிய இரண்டுக்கும் ஒரே சட்டகம் பயன்பட்டது. குறிபார்க்கும் தொலைநோக்கி குழலின் மீதே அமைந்திருப்பதால், கழற்றி மாட்டினும் குறி பெரிதும் பிறழாது. இதுவே இவ்வமைப்பின் தலையாய சிறப்பு என்பது என் கருத்து. சிக்கனம் என்று சொல்லப்படும் காரணம் அத்துணை வலுவுடையதன்று. குழல்தோறும் ஒரு தொலைநோக்கி வாங்குபவன், இன்னொரு முழுத் துப்பாக்கியின் விலையை விரைவில் எட்டிவிடுவான்.

கண்டெண்டர் 30-30 தோட்டாவைத் தாங்கியது. 30-06 போன்ற உயரழுத்தத் தோட்டாக்களைத் தாங்கவில்லை. அவற்றை வேண்டியோர் 1990களின் பிற்பகுதியில் வந்த 'என்கோர்' என்னும் வலுவான சட்டகத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. பழைய குழல்கள் அதற்குப் பொருந்தா.

இனி வழக்கு. 1934ஆம் ஆண்டுச் சட்டம், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ரைபிளைச் செய்வோர்க்கு 200 டாலர் வரி விதித்தது. (தொடக்கத்தில் வேறாக இருந்த அந்நீள வரம்பு பின்னர் இவ்வளவாயிற்று.) தாம்சன் சென்டர் நிறுவனம் தன் கைத்துப்பாக்கியுடன் ஒரு தோட்கட்டையும் 21 அங்குலக் குழலும் சேர்த்து விற்க முனைந்தது. தோட்கட்டையுடன் 10 அங்குலக் குழலையும் ஒருவர் மாட்டக்கூடுமே என அரசுத் துறை வரி கேட்டது. நிறுவனம் ஒரு துப்பாக்கிக்கு 200 டாலர் செலுத்திவிட்டு, அதனைத் திரும்பப் பெற வழக்காடியது. முறையாகவும் பொருத்தக்கூடிய உறுப்புகளைச் சேர்த்து விற்பது மட்டுமே தடுக்கப்பட்ட ரைபிளைச் 'செய்வது' ஆகுமா என்பதில் சட்டம் தெளிவாக இல்லை. ஐயத்தின் பயன் வரி செலுத்துவோர்க்கே என நீதிபதி சூட்டர் எழுதினார். ஐவர் நிறுவனத்தின் பக்கமும் நால்வர் எதிர்ப்பக்கமும் நின்றனர். தோட்கட்டையில் குறுங்குழலை மாட்டலாகாது என எச்சரிக்கை பொறிக்கப்பட்டிருந்ததும் கருத்தில் கொள்ளப்பட்டது.

சிக்கல் அத்துடன் முற்றிலும் நீங்கவில்லை. 2011இல் அத்துறை ஒரு விளக்கம் வெளியிட்டது. கைத்துப்பாக்கியாகப் பிறந்த ஒன்றை ரைபிளாக்கி மீண்டும் கைத்துப்பாக்கியாக்கலாம். ரைபிளாகப் பிறந்ததை அவ்வாறு சுருக்குவதற்கு அச்சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. ஆகவே இரு வடிவங்களையும் வேண்டுவோர் பழைய சட்டகம் ஒன்றைக் கையில் எடுத்தால், அதன் வலிமையோடு, ஆலையிலிருந்து அது எவ்வடிவில் வெளிவந்தது என்பதையும் கேட்டறிய வேண்டியதாயிற்று.