கப்பலையே 'கைது' செய்ய முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

2025 மே மாதம் கொச்சி அருகே எம்.எஸ்.சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் துகள்கள் கன்னியாகுமரி கரை வரை ஒதுங்கின. கப்பலே கடலுக்கு அடியில் போயிடுச்சு, இழப்பீட்டை யாரிடம் வாங்குவது? 9,531 கோடி ரூபாய் கேட்டு கேரள அரசு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலையில், விழிஞ்ஞத்தில் நின்ற அதே குழுமத்தின் அகிடேட்டா 2 கப்பலைக் கைது செய்ய நீதிமன்றம் உத்தரவிட்டது.

கப்பலை எதற்குக் கைது செய்யணும்?

இது தண்டனை அல்ல, பணத்துக்கான பிடிமானம். வெளிநாட்டு உரிமையாளருக்கு இங்கே இருக்கும் ஒரே சொத்து பெரும்பாலும் அந்தக் கப்பல்தான். அது கிளம்பிவிட்டால், தீர்ப்பு கிடைத்தாலும் வசூலிப்பது கஷ்டம்.

எந்தச் சட்டம்?

1840, 1861, 1890-ம் ஆண்டுகளின் பிரிட்டிஷ் காலச் சட்டங்களே நீண்ட காலம் நடைமுறையில் இருந்தன. எம்.வி. எலிசபெத் வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுக் கப்பல்கள் மீதும் நம் உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. பழைய சட்டங்களுக்குப் பதிலாக வந்த 2017-ம் ஆண்டு அட்மிரால்டி சட்டம், 2018 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது.

எங்கே வழக்குப் போடணும்?

உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான். திருவண்ணாமலையிலிருந்து அரிசி ஏற்றுமதி செய்பவரோ, அங்கிருந்து கப்பல் வேலைக்குப் போனவரோ, உள்ளூர் நீதிமன்றத்தில் கப்பல் கைது உத்தரவு வாங்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும். கப்பலும் அதன் எல்லைக்குட்பட்ட கடற்பகுதியில் இருக்க வேண்டும்.

என்னென்ன காட்டணும்?

* கோரிக்கை, சட்டத்தின் 4-வது பிரிவில் உள்ள கடல்சார் கோரிக்கையாக இருக்க வேண்டும். சரக்குச் சேதம், மோதல், உயிரிழப்பு, சுற்றுச்சூழல் பாதிப்பு, மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம் போன்றவை இதில் வரும்.
* கோரிக்கை எழுந்தபோது பொறுப்பாளியாக இருந்த உரிமையாளரே, கைதின்போதும் உரிமையாளராக இருக்க வேண்டும். சம்பளம் போன்ற முன்னுரிமைக் கோரிக்கைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கப்பல் கைமாறினாலும் அவை கூடவே வரும்.
* பொறுப்பாளிக்குச் சொந்தமான வேறு கப்பலையும் பிடிக்கலாம்.
* தவறான கைது என்றால் நஷ்டஈடு தருவதாக உறுதிமொழி தர வேண்டியிருக்கலாம்.

போர்க்கப்பல்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

சரக்கைப் பிடிக்க முடியுமா?

கைது பற்றிய 5-வது பிரிவு கப்பலைப் பற்றித்தான் பேசுகிறது. சரக்கை முடக்க, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி ஜப்தி கேட்கலாம். ஆனால் தீர்ப்பிலிருந்து தப்பிக்க எதிர்த்தரப்பு சரக்கை விற்கவோ நகர்த்தவோ பார்க்கிறது என்று காட்டணும்.

கப்பல் எப்போ விடுபடும்?

உரிமையாளர் பிணையம் கட்டினால் விடுபடும். அகிடேட்டா 2 விவகாரத்தில் நீதிமன்றம் சொன்ன பிணையத் தொகை 1,227 கோடி ரூபாய்க்கு மேல். உரிமையாளர் கப்பலைக் கைவிட்டுவிட்டால், 45 நாட்களுக்குள் ஏலம் விட வேண்டும். தேவைப்பட்டால் மேலும் 30 நாள் நீட்டிக்கலாம்.

முன்னுரிமைக் கோரிக்கைகளில் முதலிடம் மாலுமிகளின் சம்பளத்துக்கு. ஆனால் அதற்கான உரிமை 2 ஆண்டுகளிலும், மற்ற முன்னுரிமைக் கோரிக்கைகளுக்கு 1 ஆண்டிலும் காலாவதியாகிவிடும். சம்பளப் பாக்கி இருப்பவர்கள் காத்திருக்கக் கூடாது.