வண்ணம் தீட்டிய பொம்மைப் படை

பொம்மைப் போர்வீரர்களை வாங்க விரும்பிக் கடைக்குச் செல்லும் இளைஞன் ஒருவன் முன் இரண்டு பெட்டிகள் வைக்கப்படுகின்றன என்று கொள்வோம். ஒரு பெட்டியில், சிவப்பும் நீலமும் பொன்னிறமும் தீட்டப்பெற்று, எடுத்தவுடன் மேசைமேல் அணிவகுத்து நிற்கத்தக்க வீரர்கள் இருக்கின்றனர். மற்றொரு பெட்டியில், முகமும் உடையும் ஒரே சாம்பல் நிறமாகக் காணும் உருவங்கள் இருக்கின்றன. அவற்றிற்கு வண்ணம் தீட்டும் வேலை வாங்குபவனையே சார்ந்தது. இவ்விரண்டில் எதை வாங்குவது அறிவுடைமை? மேலை நாடுகளில் மேசைப்போர் விளையாட்டில் ஈடுபட்டோர் நெடுநாளாக வாதிட்டுவரும் கேள்வி இது. சிறுபிள்ளைக் கேள்வி போலத் தோன்றினாலும், வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்ந்தால் இதனுள் பல செய்திகள் பொதிந்திருப்பதைக் காணலாம்.

வண்ணம் தீட்டிய படை மிகப் பழைமையானது. எகிப்து நாட்டில் அசியூத் என்னும் இடத்தில், மெசெஹ்தி என்ற தலைவனின் கல்லறையிலிருந்து மரத்தாலான இரு சிறு படைகள் கண்டெடுக்கப்பட்டன. ஈட்டியேந்திய எகிப்தியர் நாற்பதின்மர். வில்லேந்திய நூபியர் நாற்பதின்மர். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய வண்ணம் இன்றும் அவர்கள்மீது விளங்குகின்றது. எகிப்தியரின் மேனி செம்பழுப்பு. நூபியரின் மேனி கருமை. இவை விளையாடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இறந்த தலைவனுக்கு மறுமையில் காவலாக அமைந்தவை. ஆயினும், வீரன் இன்ன நாட்டினன், இன்ன படையினன் என்று காட்டுவதற்கு நிறமே கருவி என்பதை அந்தக் கைவினைஞன் அறிந்திருந்தான்.

போரை விளையாட்டாக்கிய பெருமை நம் நாட்டுச் சதுரங்கத்திற்கு உண்டு. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையே அப்பெயர் குறிக்கின்றது. அவ்விளையாட்டு பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. 1780-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்னும் ஆசிரியர், சதுரங்கத்தை விரிவாக்கி ஒரு போர் விளையாட்டை அமைத்தார். அதன்பின் பிரஷ்ய நாட்டு அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர் 1824-ஆம் ஆண்டில் வேறொரு முறையை வெளியிட்டார். அவர் கட்டங்களை நீக்கி, நிலப்படத்தின்மேல் விளையாடச் செய்தார். வெற்றி தோல்வியைக் கணிக்கப் பகடையையும், தீர்ப்பளிக்க நடுவரையும் ஏற்படுத்தினார். பிரஷ்யப் படைத்தலைவர்கள் இதனைப் பயிற்சியாகவே மேற்கொண்டனர். நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவர்கள் கையாண்டவை, ஒரு தரப்புக்குச் சிவப்பும் மறு தரப்புக்கு நீலமுமாக இருந்த வெறும் கட்டைகளே. எனவே, போர்த்தந்திரம் பயில்வதற்கு அழகிய பொம்மை இன்றியமையாதது அன்று.

பொம்மை வீரர்கள் வேறொரு வழியில் வளர்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் பகுதியில் ஹில்பெர்ட் முதலிய தொழிலாளர்கள், தகடுபோல் மெலிந்த வெள்ளீய வீரர்களை வார்த்தனர். 1839-இல் தொடங்கப்பெற்ற ஹைன்ரிக்சன் நிறுவனம் அவற்றை உலகெங்கும் பரப்பியது. பின்னர் 1893-இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் புதுமுறை ஒன்றைக் கண்டது. உருக்கிய ஈயக்கலவையை அச்சில் ஊற்றி, ஓரத்தில் மெல்லிய ஓடு உறைந்தவுடன் நடுவிலுள்ள குழம்பை வெளியே கவிழ்த்துவிடுவர். உள்ளே வெற்றிடமான பொம்மை கிடைக்கும். உலோகம் குறைந்தது, விலையும் குறைந்தது, அதுவரை ஆங்கிலச் சந்தையில் ஓங்கியிருந்த ஜெர்மானியப் பொம்மைக்கு வலிய போட்டி எழுந்தது.

இவையெல்லாம் வண்ணம் தீட்டப்பெற்றே விற்பனைக்கு வந்தன. தீட்டியவர் யார்? நியூரம்பெர்க்கில் வீடுகளில் இருந்தவாறே உழைத்த பெண்களும் சிறுவர்களும். லண்டனில் பெரும்பாலும் பெண்கள். செல்வர் வீட்டுச் சிறுவன் தன் படையை அணிவகுத்து மகிழ்ந்தபோது, அதன் ஒவ்வொரு பொத்தானிலும் பெயரறியாத ஒருவரின் குறைந்த கூலி உழைப்பு இருந்தது. ஆயத்தமான வண்ணம் எக்காலத்தும் விலையின்றி வந்ததில்லை. அந்த விலையை யார் செலுத்தினார் என்பதே வேறுபடுகின்றது.

1913-ஆம் ஆண்டில், எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். கடையில் வாங்கிய வண்ணப் பொம்மைகளையும், வில்விசையால் சுடும் சிறு பீரங்கியையும் கொண்டு தரையில் போரிடும் விதிகளை அதில் வகுத்தார். இன்றைய மேசைப்போர் விளையாட்டுக்கு வழிகாட்டிய அந்நூல், ஆயத்தமாக வண்ணமிட்ட பொம்மைகளைக் கொண்டே பிறந்தது. அவற்றை வாங்குவோரை இகழ்பவர் இதனை மறத்தலாகாது. உண்மைப் போர் எத்துணைப் பெரிய மடமை என்பதை உணர்த்தியே வெல்ஸ் தம் நூலை முடித்தார். அடுத்த ஆண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது.

தூரிகை வாங்குபவன் கைக்கு வந்தது பிற்காலத்தில்தான். 1959-இல் ஏர்ஃபிக்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம், இரண்டரை செண்டிமீட்டர் உயரமும் இல்லாத பிளாஸ்டிக் வீரர்களை வண்ணமின்றி, பல உருவங்கள் கொண்ட பெட்டிகளாக, மலிவான விலைக்கு விற்கத் தொடங்கியது. பிரிட்டன் நிறுவனம் 1966-இல் ஈய வீரர்களைச் செய்வதை நிறுத்தியது. கைக்காசு குறைந்த மாணவனும் பெரும்படை திரட்ட வழி பிறந்தது. ஆனால், வண்ணம் அவனுடைய பொறுப்பாயிற்று.

இப்பொறுப்பு ஒரு கல்வியாகவும் அமைந்தது. 1914-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுக் காலாட்படைக்கு வண்ணம் தீட்டப் புகும் மாணவன், நீலச் சட்டைக்குக் கீழே கால்சட்டைக்குச் செந்நிறம் குழைக்க வேண்டும். தூரிகையை எடுத்தவன் ‘இது ஏன்?’ என்று நின்று வினவுவான். புகை சூழ்ந்த பழைய போர்க்களத்தில், தன் படை எது, பகைவன் படை எது என்று தளபதி அறிவதற்குப் பளிச்சென்ற நிறம் உதவியது. புகையில்லா வெடிமருந்தும் தொலைவில் சுடும் துப்பாக்கியும் வந்தபின், அதே நிறம் வீரனைக் காட்டிக்கொடுத்தது. இந்தியாவின் வடமேற்கு எல்லையில் 1846-இல் அமைக்கப்பெற்ற வழிகாட்டிப் படையினர் முன்னரே புழுதி நிற உடையை மேற்கொண்டிருந்தனர். காக்கி என்னும் சொல்லுக்குப் பொருளும் அதுவே. பிரான்சிலோ, சிவப்புக் கால்சட்டையை மாற்ற எழுந்த யோசனையைப் பழம்பெருமை தடுத்துவிட்டது. 1914 ஆகஸ்டு 22-ஆம் நாள் ஒன்றில் மட்டும் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் மாண்டனர். அதற்குக் காரணங்கள் பல. உடையின் நிறம் ஒன்றே காரணமன்று. எனினும், அந்தச் சிவப்பைத் தன் கையால் தீட்டியவன் அந்நாளை எளிதில் மறக்கமாட்டான்.

2000-ஆம் ஆண்டில் சக்கரம் மீண்டும் சுழன்றது. அமெரிக்காவில் ‘மேஜ் நைட்’ என்னும் விளையாட்டு, வண்ணமிட்ட உருவங்களுடன் வந்து பெருவிற்பனை கண்டது. 2012-இல் ‘எக்ஸ்-விங்’ என்னும் விண்கப்பல் விளையாட்டும் அவ்வாறே வந்தது. இக்கால உருவங்கள் ஆலைகளில் மறைப்பச்சு வைத்து நிறம் தெளித்தும், மெத்தை அச்சால் முத்திரையிட்டும் ஆயிரக்கணக்கில் செய்யப்படுகின்றன. கப்பல் போன்ற பெரிய தளங்களில் இம்முறை நன்கு அமைகின்றது. மனித முகத்தில் கண்ணும் புருவமும் பலவேளை இடம் பிறழ்ந்துவிடுகின்றன. இன்னொரு குறையும் உண்டு. ‘மேஜ் நைட்’ போன்றவற்றில், உள்ளிருப்பது எதுவென்று அறியாமல் மூடிய பெட்டியை வாங்க நேர்ந்தது. வேண்டிய வீரன் கிடைக்கும்வரை பணம் செலவழிவது வாணிகம் என்பதினும் சூதுக்கே நெருங்கியது.

ஆகவே, முடிவு யாது? முதலில் காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் உருவத்திற்கு ஒரு மணிநேரம் எனக் கொண்டால், அறுபது வீரர்க்கு அறுபது மணிநேரம் வேண்டும். வாரத்திற்கு நான்கு மணிநேரமே ஓய்வுடைய மாணவனுக்கு அது பதினைந்து வாரம். தேர்வுக்குப் படிக்க வேண்டியவனும், நண்பருடன் விளையாடுவதையே விரும்புபவனும், கண்பார்வை அல்லது கைநடுக்கத்தால் நுண்பணி இயலாதவனும் வண்ணமிட்ட பொம்மையை வாங்குவதில் தவறில்லை. பெட்டிக்குள் இருப்பதைக் கண்ணால் கண்டு வாங்குதல் வேண்டும். விளையாட்டு மட்டுமே நோக்கமாயின், பிரஷ்ய அதிகாரிகளின் இருநிறக் கட்டைகளே போதும், செலவும் இல்லை.

வரலாற்றை அறிய விரும்புபவன் மட்டும், எத்தனை ஆயத்த வீரர்களை வாங்கினாலும், வண்ணமில்லா வீரன் ஒருவனையாவது உடன் வாங்கட்டும். அவன் எந்த நாட்டினன், எந்த ஆண்டினன், அவன் அணிந்த நிறத்தை யார் தேர்ந்தெடுத்தார், அதனால் அவனுக்கு நேர்ந்தது என்ன என்று நூலகத்திற்குச் சென்று தேடியபின் தூரிகையைத் தொடட்டும். அந்த ஒரு வீரனைத் தீட்டி முடிப்பதற்குள், பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோன போர் அவனுக்கு ஒரு மனிதனின் வாழ்வாகத் தோன்றத் தொடங்கும்.