ஏஜிசம் என்ற சொல் பிறந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் முழங்கால் வலி என்று மகனோடு ஒரு டாக்டரிடம் போனேன். இளம் வயதுக்காரர். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகனிடம், "அம்மாவுக்கு எத்தனை நாளா வலி?" என்று கேட்டார். மாத்திரை எப்போது போட வேண்டும் என்பதையும் அவனிடம்தான் சொன்னார். 34 வருடம் வகுப்பறையில் பேசியே சம்பளம் வாங்கியவள், வாய் திறக்காமல் வெளியே வந்தேன். அவர் கெட்டவர் இல்லை. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

இதற்கு ஆங்கிலத்தில் ஏஜிசம் என்று பெயர். தமிழில் வயதுப் பாகுபாடு என்கிறார்கள். என் முதல் பேட்ச் பிள்ளைகளின் வயதுதான் அந்தச் சொல்லுக்கும். பிறந்தது 1969, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில்.

அங்கே செவி சேஸ் என்ற வசதியான பகுதி. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தை ஏழை முதியவர்களுக்குக் குடியிருப்பாக்க அரசுத் தரப்பு திட்டமிட்டது. அக்கம்பக்கத்தார் கடுமையாக எதிர்த்தார்கள். வருகிறவர்களில் கறுப்பினத்தவரும் இருப்பார்கள் என்பதால் இது நிறவெறி என்று சொல்லிவிடலாம். ஆனால் ராபர்ட் பட்லர் என்ற 42 வயது மனநல மருத்துவர், இதில் வயதானவர்கள் மேல் உள்ள வெறுப்பும் கலந்திருக்கிறது என்றார். 'ரேசிசம்' போல 'ஏஜிசம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். வாஷிங்டன் போஸ்ட்டுக்காக அவரிடம் பேசி அதை எழுதிய நிருபருக்கு வயது 25. பெயர் கார்ல் பெர்ன்ஸ்டீன். ஆமாம், பின்னாளில் வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டுவந்த இருவரில் ஒருவர்!

ஒரு வயதுக் கூட்டம் இன்னொரு வயதுக் கூட்டத்தின் மேல் வைக்கும் தப்பெண்ணம் என்றுதான் பட்லர் முதலில் விளக்கினார். ஆக, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது" என்று நாங்கள் சொல்வதும் இதில் சேரும். அதை ஒத்துக்கொள்கிறேன். வெறுப்புக்கு அடியில் அவர் கண்டது பயம். நோய், இயலாமை, சாவு இவற்றைப் பற்றிய பயம். நிறவெறி பிடித்தவன் ஒருநாளும் கறுப்பனாக மாறப்போவதில்லை. முதியவரை ஒதுக்குகிறவனோ, ஆயுசு இருந்தால் அங்கேதான் வந்து சேர வேண்டும்.

பட்லரை வளர்த்தவர்கள் தாத்தாவும் பாட்டியும். பொருளாதார மந்தக் காலத்தில் பாட்டி பட்ட பாட்டையும் அவர் தைரியத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தவர். மருத்துவக் கல்லூரியில் முதிய நோயாளிகளைக் கேலியாகப் பேசுவதைக் கேட்டபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

சட்டத்தின் கதையும் வேடிக்கைதான். வேலையில் வயதுப் பாகுபாடு கூடாது என்று அமெரிக்கா 1967இல் சட்டம் போட்டது. ஆனால் அது 40 முதல் 65 வயது வரைதான் காப்பாற்றியது! 1970இல் மேகி கூன் என்ற பெண்மணியை 65 வயதானதும் வேலையிலிருந்து ஓய்வுபெறச் சொன்னார்கள். அவர் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு 'கிரே பேந்தர்ஸ்' என்ற இயக்கம் தொடங்கினார். 1978இல் வரம்பு 70 ஆனது. 1986இல் பெரும்பாலான வேலைகளுக்கு வரம்பே நீங்கியது. (58இல் மாலை போட்டு அனுப்பிவைக்கப்பட்ட எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு.)

பட்லர் சொன்னதில் என்னைச் சுட்டது வேறொன்று. வயதானவர்கள் பழைய கதையையே பேசுவது புத்தி தடுமாறுவதன் அடையாளம் என்று அப்போது மருத்துவர்களே நினைத்தார்கள். இல்லை, வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பப் பார்த்துக் கணக்கு நேர் செய்கிற இயல்பான வேலை அது என்று 1963லேயே எழுதினார்.

என் அம்மா கடைசிக் காலத்தில், கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக் கிணற்றில் தோண்டியைத் தவறவிட்ட கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "ஆரம்பிச்சிட்டியாம்மா" என்று விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். வரலாற்று டீச்சர் நான். அந்தத் தோண்டி கிடைத்ததா, மாமியார் என்ன சொன்னார், எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூட முடிவு வரை கேட்டதில்லை.

அடுத்த மாதம் அதே டாக்டரிடம் போக வேண்டும். மகனை வெளியே உட்காரச் சொல்லியிருக்கிறேன்.