பூம்பாவையும் ஓட்டல் விருந்தாளியும்

சென்னையின் பெரிய ஓட்டல்கள் சில, தங்க வருகிறவர்களுக்கென்று மாதம் ஒருமுறை ஒரு தாள் போடுகின்றன. வரவேற்பு மேஜையில் கிடைக்கும். அறைக்குள்ளேயே தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவதும் உண்டு. இப்போது கைபேசிக்கும் வந்துவிடுகிறது. முன்பக்கத்தில் ஓட்டல் சமாச்சாரம்: புதிய சமையல்காரர், உணவுத் திருவிழா, பண்டிகைச் சலுகை. பின்பக்கத்தில் ஊர் சமாச்சாரம்: எந்தச் சபாவில் யார் கச்சேரி, கபாலீசுவரர் கோயில் எப்போது நடை திறக்கும், பட்டுப்புடவைக்கு எங்கே போகவேண்டும், செருப்பை எங்கே விடவேண்டும். இதை எடுத்துவைத்துக்கொண்டு சரித்திரம் பேசுவதா என்று கேட்கலாம். கலாச்சாரம் என்று எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்பதை இவ்வளவு பச்சையாக, இவ்வளவு குறைந்த வரிகளில் தீர்மானிக்கிற எழுத்து நம்மிடையே வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். விமரிசகன் நூறு பக்கத்தில் தயங்கித் தயங்கிச் செய்கிற காரியத்தை இந்தத் தாள் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இதைக் கண்டதும் ஆற்றுப்படை ஞாபகம் வரும். வழி, ஊர், வழியில் கிடைக்கும் சாப்பாடு எல்லாம் அதிலும் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் கடற்கரை எயிற்பட்டினத்தில் சுட்ட மீனில் தொடங்கி, மருதநிலத்து ஆமூரில் நண்டுக் கறியோடு சோறு வரைக்கும் விவரமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் ஒப்புமை அதற்கு மேல் போவதில்லை. ஆற்றுப்படையில் பரிசில் பெற்ற கலைஞன் பெறாத கலைஞனுக்கு வழி சொல்கிறான். பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒரே பசியை அறிந்தவர்கள். ஓட்டல் தாளில் கலைஞன் பேசுகிறவனும் இல்லை, கேட்கிறவனும் இல்லை; காட்டப்படுகிறவன். தவிர, ஆற்றுப்படை இடத்தைப் பற்றியது. ஓட்டல் தாளின் ஆதாரம் மாதம். மாத வாரியாக ஊரைச் சொல்லும் எழுத்துக்கு முன்னோடி தேடினால் மயிலாப்பூரை விட்டு வெளியே போகவேண்டியதில்லை.

7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலாப்பூரில் பாடியதாகச் சொல்லப்படும் பூம்பாவைத் திருப்பதிகம் அப்படிப்பட்ட பட்டியல். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சிவநேசர் என்ற வணிகரின் மகள் பாம்பு தீண்டி இறக்கிறாள், அவள் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டுவைத்த தகப்பனாருக்காகச் சம்பந்தர் பாடி அவளை எழுப்புகிறார். அற்புதத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பதிகத்தை மட்டும் பார்த்தால் அது கபாலீச்சரத்து விழாக்களின் வரிசை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழியில் ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி நாள், ஊஞ்சல், பெருஞ்சாந்தி. ஒவ்வொன்றையும் சொல்லி, இதைக் காணாமலேயா போகிறாய் என்று இறந்த பெண்ணைக் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் பாட்டில், அடியார்களுக்குச் சோறிடும் விழா.

இந்தப் பட்டியல் யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பதுதான் என்னை நிறுத்துகிறது. கேட்பவள் அந்த ஊர்ப் பெண். இந்த விழாக்கள் எதுவும் அவளுக்குச் செய்தி அல்ல. அவள் இழந்தது ஊர் அல்ல, ஊரின் வருஷம். பட்டியலின் பலம் அங்கே இருக்கிறது: தெரிந்ததையே, தெரிந்தவளிடம், மாதம் மாதமாக எடுத்துச் சொல்வதில். ஓட்டல் தாள் தெரியாதவனிடம் பேசுகிறது. அதுவும் மூன்று நாளில் போய்விடப்போகிறவனிடம். அவனுக்கு ஆண்டு இல்லை, தங்கும் தேதிகள்தான் உண்டு. ஐப்பசிக்குப் பின் கார்த்திகை என்ற தொடர்ச்சி அவன் கணக்கில் வராது. இதை அவன் குற்றமாக நான் சொல்லவில்லை. நம் பட்டியல் அவனுக்காக எழுதப்படத் தொடங்கியபோது என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

அது எப்போது தொடங்கிற்று? லண்டன் ஜான் மர்ரி நிறுவனம் 1859இல் மதராஸ், பம்பாய் ராஜதானிகளுக்குக் கையேடு வெளியிட்டது, எழுதியவர் ஈஸ்ட்விக். மதராஸுக்கு அப்போது துறைமுகம் கிடையாது. வருகிறவர்கள் மசூலாப் படகில் அலைகளைத் தாண்டி வந்து, படகுக்காரர்களின் தோளிலும் முதுகிலும் கரையிறங்கினார்கள். விருந்தாளி தொட்ட முதல் உள்ளூர் மனிதன் கடற்கரைக்காரன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். பிற்பாடு பட்டியலில் அவன் காணாமல் போகிறான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் நகரத்துக்குத் தனிக் கையேடு போட்டுவிட்டது. கவர்னர் கன்னிமாராவின் பெயரில் ஓட்டலும் வந்துவிட்டது. இந்தக் கையேடுகளின் கண் முக்கியமாகக் கட்டடங்களின் மேல்: கோட்டை, மாதா கோயில்கள், சிலைகள், மியூசியம். ஊர் என்பது நிற்கிற பொருள்களின் தொகுதி. அங்கே நடக்கிற காரியங்களுக்கு இடம் குறைவு. உள்ளூர்க் கலை விருந்தாளிக்கான சங்கதி ஆவதற்கு இன்னும் கொஞ்ச காலம் வேண்டியிருந்தது.

அதை ஆக்கியது ஓட்டல்காரர்கள் அல்ல, மயிலாப்பூர்க்காரர்கள். 1927 டிசம்பரில் மதராஸில் காங்கிரஸ் கூடியபோது அதையொட்டி ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928 ஆகஸ்டில் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. மாநாடும் கச்சேரிகளும் நாளடைவில் டிசம்பர் கடைசியில் நிலைத்தன. காரணங்கள் லௌகிகமானவை. புரவலர்களில் வக்கீல்கள் அதிகம். கிறிஸ்துமஸுக்கு ஹைகோர்ட் மூடியிருக்கும். மார்கழியில் கல்யாணம் கிடையாது; கல்யாணக் கச்சேரியில் பிழைத்த வித்வான்களுக்கு ஒழிவு. வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய ஓய்ந்திருக்கும். பதிகத்தில் பத்தில் ஒன்றாக இருந்த மார்கழி இப்படித்தான் மற்ற மாதங்களைத் தின்று கொழுத்தது. வெளிநாட்டுப் பயணிக்கும் தோதான பருவம் அதுவே என்பது பின்னால் வந்து சேர்ந்த வசதி. ஓட்டல் தாள் டிசம்பரில் புத்தகமாகப் பெருத்து ஜூலையில் துண்டுக் காகிதமாக மெலிவதற்குக் கோர்ட் விடுமுறையும் ஒரு காரணம் என்று நினைக்கையில் ஒருவிதத் தெளிவு ஏற்படுகிறது.

நாட்டியத்தில் விருந்தாளியின் பங்கு இன்னும் நேரடியானது. 1935 டிசம்பரில் தியசாபிகல் சொசைட்டியின் வைரவிழா அடையாற்றில் நடந்தது. பல தேசங்களிலிருந்து பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அந்தச் சபையின் முன்தான் ருக்மிணி தேவி ஆடினார். மறு வருஷம், 1936இல், கலாக்ஷேத்ரா. சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்ற வருஷங்கள் அவை. சதிர் பரம்பரையில் வந்த பாலசரஸ்வதி 1933இலேயே அகாடமியில் ஆடியிருந்தார். 1947இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆடியவர்களின் குடும்பங்கள் மேடையிலிருந்து விலகவும் ஆட்டம் மட்டும் மேடையில் நிற்கவும் நேர்ந்தது. இதில் எது சீர்திருத்தம், எது அபகரிப்பு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தாளில் இந்த வழக்கு கிடையாது. ‘பரதநாட்டியம், மாலை 6.30, புராதனக் கலை’ என்ற அளவில் நின்றுவிடும். நூறு வருஷம்கூட ஆகாத பெயர் புராதனம் ஆகிவிடுகிறது.

பட்டியலின் சுபாவமே அதுதான். அதில் சண்டைக்கு இடமில்லை. தமிழில் பாடவேண்டும் என்று கிளர்ந்த இயக்கம் 1943இல் தமிழிசைச் சங்கமாக உருவெடுத்தது. அதற்கு எதிராக அகாடமித் தரப்பில் எழுந்த வாதங்கள் அந்தக் காலப் பத்திரிகைகளை நிறைத்தன. தாளில் இரண்டு ஸ்தாபனங்களின் டிசம்பர் நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்த வரிகளில் சமாதானமாக உட்கார்ந்திருக்கும். கபாலீசுவரர் கோயிலுக்கு 37 மீட்டர் உயர ராஜகோபுரம் என்று இருக்கும்; 1906இல் எழுந்தது என்றும் சில சமயம் இருக்கும். இந்து அல்லாதவர்கள் கொடிமரத்துக்கு அப்பால் போகலாகாது என்ற எச்சரிக்கையும் இருக்கும். இந்துக்களிலேயே ஒரு பகுதியினர் கோயில்களுக்குள் போக 1947இல் சட்டம் வேண்டியிருந்தது என்பது இருக்காது. சம்பந்தர் பாடிய கோயில் கடலோரத்தில் இருந்தது, இன்றைய கோயில் போர்த்துக்கீசியர் காலத்துக்குப் பின் உள்ளே தள்ளி எழுந்தது என்று சொல்லப்படுவதும் இருக்காது. தியாகராயநகருக்கு ஒரு வரி: பனகல் பூங்கா, பட்டு. மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து 1920களில் அந்த நகர் எழுந்தது என்பதையும், அகாடமி பிறந்த அதே 1928இல் காஞ்சிபுரத்து நல்லி அங்கே கடை வைத்தது என்பதையும் சேர்த்து வாசித்தால், சங்கீதமும் பட்டும் ஒரே வர்க்கத்தின் இரண்டு தேவைகளாகச் சேர்ந்து வளர்ந்த கதை கிடைக்கும். தாள் இரண்டையும் தனித்தனித் தலைப்பில் போட்டுவிடுகிறது.

இவற்றையெல்லாம் அரைப் பக்கத்தில் எழுத முடியாது என்பது நியாயமான பதில். ஆனால் இடம் இருந்தும் வெறுமையாக விடப்படும் மாதங்கள் இருக்கின்றன. ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரிலேயே முண்டகக்கண்ணி அம்மன், கோலவிழி அம்மன் கோயில்களில் கூட்டம் தெருவை அடைக்கிறது. கூழ் வார்க்கிறார்கள். மீனவர் குப்பங்களில் ஒலிபெருக்கி விடிய விடியப் பாடுகிறது. ஓட்டல்காரனுக்கு அது ‘சீஸன் இல்லாத காலம்’. ஆடித் தள்ளுபடி மட்டும் செய்தி. பதிகத்தின் முதல் விழா சோறிடுவது என்று சொன்னேன். அதற்கு மிக நெருங்கி இன்று நடப்பது ஆடிக் கூழ். சபா கான்டீன் சாப்பாடு தாளில் சிலாகிக்கப்படுகிறது, காசு கொடுத்துச் சாப்பிடுவது என்பதால். யார் வந்தாலும் ஊற்றுகிற கூழுக்குப் பட்டியலில் இடமில்லை. விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. புதிதாக வந்தவன் என்பது அதிலிருந்து வந்தது. புதியவனுக்கு ஊர் தானாகத் தருவது ஒன்று உண்டென்றால் அது தாளில் இல்லாத அந்த வரி.

அதற்காக ஆடியையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. 2015இல் அடையாற்றுக்கு அருகில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கியது. டி.எம். கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் முன்நின்றார்கள். கர்நாடக சங்கீதமும் பறையும் மீனவர் குப்பத்து மேடையில் அருகருகே வந்தன. சபாவின் சுவர் எதனால் ஆனது என்று பலரை யோசிக்கவைத்த முயற்சி அது. ஆனால் அதுவும் பட்டியலில் ஒரு வரியாகிற கணத்தில், குப்பம் பார்க்கவேண்டிய இடங்களில் ஒன்றாகிவிடக்கூடும். குப்பத்துக்காரனின் வருஷம் எது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஓட்டலுக்கும் ஊருக்கும் வேறுவிதமான உறவும் சாத்தியமாக இருந்தது. உடுப்பிப் பக்கத்துக் கே. கிருஷ்ணராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். 1952இல், பிற்பாடு ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர் மாறிய எட்வர்ட் எலியட்ஸ் சாலைக்கு நியூ உட்லண்ட்ஸ் வந்தது. 1962இல் கதீட்ரல் சாலைத் தோட்டத்தில் டிரைவ்-இன். அந்த டிரைவ்-இன்னில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் எழுத்தாளர்களும் சினிமாக்காரர்களும் வேலை தேடுகிறவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களுக்குத் தாள் தரவில்லை. இந்த மாதம் என்ன நடக்கிறது என்பது மேஜைக்கு மேஜை பேச்சாகவே நகர்ந்தது. 2008இல் அது மூடப்பட்டது. 2010இல் அந்த இடம் செம்மொழிப் பூங்கா ஆயிற்று. பூங்கா இப்போது பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலில் இருக்கிறது. டிரைவ்-இன் இருந்த வரைக்கும் எந்தப் பட்டியலிலும் ‘கலாச்சாரம்’ என்ற தலைப்பின் கீழ் வந்திருக்க முடியாது. அது சிற்றுண்டி.

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாமும் மாதப் பட்டியல் போடுகிறவர்கள்தான். படிக்கவேண்டிய கவிஞர்கள், பார்க்கவேண்டிய நாடகம், கவனிக்கவேண்டிய ஓவியம். நம் பட்டியலும் சில சமயம், ஊருக்குப் புதிதாக வந்து சீக்கிரம் போய்விடப்போகிற ஒருவனை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுபோல இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்த ஒருவன் வெளிநாட்டுக்காரனாக இருக்கவேண்டும் என்பதில்லை. நம் எழுத்தை இங்கிலீஷில் எடுத்துச் சொல்லப்போகிற யாராவது இருக்கலாம். மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழா எட்டாம் நாள் காலையில் பூம்பாவையை எழுப்பும் வைபவத்தை வருஷா வருஷம் நடத்துகிறார்கள். மாலையில் அறுபத்துமூவர் புறப்பாடு. மாலைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். ஓட்டல் தாள் அதைத் தவறாமல் சொல்லும். காலை நிகழ்ச்சிக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள் வருகிறார்கள். என்ன நடக்கப்போகிறது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.